‘அரசுக்கு நேரடிப் பங்கு இல்லை’ என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொகுதி எம்.பி. மூலமாக மக்களவையில் இரண்டு கேள்விகள் கேட்க வைத்தீர்கள். ஒன்று பாதுகாப்பு அமைச்சகத்துக்கு. கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) எல்லைக்குள், ஊர் ஜனங்கள் தலைமுறையாகப் போய்வந்த சாலையை ஏன் மூடினார்கள் என்று கேட்டதற்கு, “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்” என்று ஒரே வரி வந்தது. இன்னொன்று சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்துக்கு. உங்கள் மாவட்ட நீதிமன்றங்களில் நீதிபதி இடங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று கேட்டதற்கு, “அவற்றை நிரப்புவது உயர் நீதிமன்றம், மாநில அரசு ஆகியவற்றின் பொறுப்பு, மத்திய அரசுக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை” என்று வந்தது. அமைச்சர்கள் இப்படி நழுவ இடம் இருக்கிறதா, இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் நான்கு வருடம் ஒரு மக்களவை உறுப்பினரிடம் உதவியாளராக இருந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தவன். இந்த இரண்டு பதில்களையும் ஊர் பெயரும் தேதியும் மட்டும் மாறி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கைவிரிப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஒரு வாக்குறுதி, அதை வசூலிக்க வழி இருக்கிறது. இரண்டாவது ஒரு சுவர். அந்தச் சுவர் எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு இந்தப் பக்கம் நின்று மறுபடி கேட்க வேண்டும்.

பதில் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது தெரிந்தால்தான் எங்கே பிடி கிடைக்கும் என்று புரியும்.

கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும். அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, வாரத்தின் ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு தொகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் மக்களவையில் பாதுகாப்பு, சட்டம் மற்றும் நீதி இரண்டுக்குமே வெள்ளிக்கிழமைதான். வந்து குவியும் கேள்விகளைக் குலுக்கல் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியிட்டவை. அவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். 230 கேள்விகள் வரை நட்சத்திரக் குறி இல்லாதவை. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். நட்சத்திரக் கேள்விப் பட்டியல் பச்சைத் தாளிலும் மற்றது வெள்ளைத் தாளிலும் அச்சாகும். பச்சைத் தாளில் நம் உறுப்பினர் பெயரைப் பார்க்கிற அன்று அலுவலகமே பரபரப்பாகிவிடும்.

ஆனால் பச்சைத் தாளில் பெயர் வந்தால் மட்டும் போதாது. கேள்வி நேரம் என்கிற அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நாலைந்து கேள்விகளைத்தான் எடுக்க முடியும். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுக்கப்பட்டதே பெரிய செய்தியாக வந்தது. அதற்கு முன் அப்படி நடந்தது 1972ல். ஆகவே வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்தால், அமைச்சரின் வாயிலிருந்து பதில் வராது. அதையும் எழுத்துப் பதிலாக மேசையில் வைத்துவிடுவார்கள். நாங்கள் ஒரு முறை ஒரு பாதுகாப்புத் துறைக் கேள்விக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து ஏழு துணைக் கேள்விகள் (அமைச்சர் பதில் சொன்னதும் அவையிலேயே தொடர்ந்து கேட்பவை) தயாரித்தோம். எங்கள் எண் 6. ஐந்தாவது கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே மணி 12 ஆகிவிட்டது. அன்று மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அமைச்சகத்தின் பக்கம் என்ன நடக்கிறது? கேள்வி அங்கே போனதும் பிரிவு அதிகாரி வரைவு எழுதுவார். அது சார்புச் செயலாளர், இயக்குநர், இணைச் செயலாளர் என்று படியேறி, கடைசியில் அமைச்சரின் ஒப்புதலுக்குப் போகும். நட்சத்திரக் கேள்வி என்றால் பதிலோடு ஒரு தடித்த கோப்பும் சேரும். எந்தத் துணைக் கேள்வி வந்தாலும் சமாளிக்கத் தேவையான குறிப்புகள் அதில் இருக்கும். அவையில் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சீட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இதைச் சொல்லக் காரணம், எழுத்துப் பதிலில் ஒவ்வொரு சொல்லும் பல கைகள் பார்த்து ஒப்புக்கொண்ட சொல் என்பதுதான். அதில் ஏதாவது விடுபட்டிருந்தால், பெரும்பாலும் தெரிந்தேதான் விட்டிருப்பார்கள்.

ஒரு சொல் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு 2020 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பாகிஸ்தான், சீன எல்லைகளில் ஊடுருவல் அதிகரித்திருக்கிறதா என்று மாநிலங்களவையில் எழுத்துக் கேள்வி. கடந்த ஆறு மாதத்தில் இந்திய சீன எல்லையில் ஊடுருவல் எதுவும் பதிவாகவில்லை என்று உள்துறை இணை அமைச்சர் பதில் தந்தார். நாடே அதிர்ந்தது. ‘ஊடுருவல்’ என்பது பயங்கரவாதிகள் ரகசியமாக நுழைவதைக் குறிக்கும் சொல், படைகள் எல்லை மீறுவதற்கு அந்தச் சொல் பயன்படாது என்று பிறகு விளக்கம் வந்தது. கேள்வியில் போட்ட சொல்லுக்குத்தான் பதில் வரும். கேட்பவர் மனதில் நினைத்ததற்கு வராது. பாதுகாப்பு சம்பந்தமாகக் கேள்வி எழுதும்போது எனக்கு இது எப்போதும் மனதில் ஓடும்.

சரி, இனி உங்கள் முதல் பதிலுக்கு வருகிறேன். “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது” என்ற வரியைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். நாடாளுமன்ற நடைமுறையில் அது உறுதிமொழி. “பரிசீலனையில் உள்ளது”, “ஆராய்ந்து பார்க்கிறேன்” போன்றவையும் இந்த வகைதான். எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அவற்றை நிறைவேற்ற மூன்று மாதம் கெடு. முடியாவிட்டால் அமைச்சகம் காரணம் சொல்லி, கெடுவை நீட்டித்துத் தரும்படி கேட்க வேண்டும். யாரிடம் தெரியுமா? அரசு உறுதிமொழிக் குழுவிடம். மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் இந்தக் குழு இருக்கிறது. இழுத்தடிக்கும் அமைச்சகத்தின் அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கும் அதிகாரம் இதற்கு உண்டு. அமைச்சரை மடக்குகிற காட்சி தொலைக்காட்சியில் வரும்; இந்தக் குழுவின் வேலை அப்படி வெளியே தெரியாது. ஆனாலும் கேள்வி நேரத்தின் முதுகெலும்பு இதுதான் என்பேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, கேள்வி எண்ணையும் பதில் வந்த தேதியையும் குறித்துவைத்து, மூன்று மாதம் ஆனதும் உங்கள் எம்.பி. பெயரில் அந்தக் குழுவின் தலைவருக்கு ஒரு கடிதம் போட வைப்பது. நாங்கள் இப்படிப் போட்ட கடிதங்களில் பலவற்றுக்குப் பதில் வந்திருக்கிறது. சில பதில்கள் தாமதமாக வந்தன, ஆனால் வந்தன.

இதோடு கூடவே, அந்தச் சாலையைப் பற்றி இன்னொரு கேள்வியும் போடுங்கள். “ஏன் மூடினீர்கள்” என்று கேட்டால் “பாதுகாப்புக் காரணங்கள்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். கண்டோன்மென்ட் சட்டம், 2006ன் 258ஆவது பிரிவு தெருக்களை மூடுவதைப் பற்றியது. நிரந்தரமாக மூடுவதென்றால் பொது அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபங்கள் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 2018ல் நாட்டின் 62 கண்டோன்மென்ட்களிலும் மூடிய சாலைகளைத் திறப்பது பற்றிப் பாதுகாப்பு அமைச்சகமே முடிவெடுத்தபோது, இந்த நடைமுறையைப் பின்பற்றாமல் மூடியதுதான் பேச்சின் மையமாக இருந்தது. எனவே இப்படிக் கேளுங்கள்: அந்தச் சாலை எந்தத் தேதியில், எந்த அதிகாரியின் உத்தரவால் மூடப்பட்டது, பொது அறிவிப்பு எந்தத் தேதியில் வெளியானது, எத்தனை ஆட்சேபங்கள் வந்தன, மூடுதல் தற்காலிகமா நிரந்தரமா. இதில் எதுவும் ராணுவ ரகசியம் இல்லை. அறிவிப்பு வெளியிட்ட தேதியைச் சொல்ல மறுத்தால், அறிவிப்பே வெளியிடவில்லை என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகிவிடும்.

ரகசியம் என்பதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. எந்த எல்லையில் எத்தனை படை, எத்தனை குண்டுகள் கையிருப்பு என்பதை மேசையில் வைக்கச் சொல்வது பொறுப்பான செயல் அல்ல. அமைச்சர் பொது நலன் கருதி ஒரு தகவலைத் தர மறுத்தால், கொடுத்தே ஆக வேண்டும் என்று சபாநாயகர் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த உரிமை இருக்க வேண்டியதுதான். என் கவலை, அந்த உரிமையின் எல்லை ஆளுக்கும் நாளுக்கும் தகுந்தபடி நகர்வதைப் பற்றியது.

பிரான்சிடமிருந்து ரஃபேல் போர் விமானங்கள் வாங்கிய விவகாரத்தில் இது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. 36 விமானங்களுக்கான ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 23ல் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பர் 18, ஒரு வெள்ளிக்கிழமை, மக்களவையில் பாதுகாப்பு இணை அமைச்சர் சுபாஷ் பாம்ரே எழுத்தில் தந்த பதிலில், ஒரு விமானத்தின் விலை ஏறக்குறைய 670 கோடி ரூபாய் என்று இருந்தது. 2018 பிப்ரவரியில் மாநிலங்களவையில் விலை விவரம் கேட்டபோது, 2008ல் பிரான்சுடன் செய்துகொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின்படி அதைச் சொல்ல இயலாது என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் பதில் தந்தார். முன்பு சொன்ன 670 கோடி வெறும் விமானத்தின் அடிப்படை விலை, ஆயுதங்களும் கூடுதல் கருவிகளும் அதில் சேரவில்லை என்று அரசுத் தரப்பு பின்னர் விளக்கியது. அந்த விளக்கத்தை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். 2008 ஒப்பந்தம் 2016 நவம்பரிலும் இருந்ததுதானே? அன்று சொல்ல முடிந்தது எது, பிறகு சொல்ல முடியாமல் போனது எது என்று கேட்க அந்தப் பழைய ஒரு பக்கப் பதில்தான் ஆதாரமாக இருந்தது. யாரோ ஒரு உறுப்பினர் சாதாரணமாகக் கேட்டு வாங்கிய வெள்ளைத் தாள் பதில் அது.

ஆகவே பதில்களைத் தேதி வாரியாகச் சேர்த்துவைக்கும் பழக்கம் ரொம்ப முக்கியம். இரு அவைகளின் இணையதளங்களிலும் எல்லாம் கிடைக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் கேள்வி நேரத்தைத் தவிர இன்னொரு வழியும் உண்டு, எம்.பி.க்களே உறுப்பினர்களாக இருக்கும் துறை சார்ந்த நிலைக்குழு. 2018 மார்ச்சில் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை வந்தது. தரைப்படைக் கருவிகளில் 68 சதவீதம் பழையவை, 8 சதவீதம்தான் அதிநவீனமானவை என்று படையின் துணைத் தளபதியே சாட்சியம் சொன்னது அதில் பதிவானது. அவையில் நேராகக் கேட்டிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். மூடிய அறையில், கட்சி வேறுபாடு கொஞ்சம் தணிந்த இடத்தில், நிதி ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது அது வெளியே வந்தது.

இனி நீதித் துறை. உங்கள் இரண்டாவது பதிலில் பொய் எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 233 முதல் 235 வரையிலான பிரிவுகள் மாவட்ட நீதித் துறையை உயர் நீதிமன்றத்தின் கையிலும் மாநிலத்தின் கையிலும்தான் கொடுத்திருக்கின்றன. மத்திய சட்ட அமைச்சரால் ஒரு மாவட்ட முன்சீஃபைக்கூட நியமிக்க முடியாது. நீதிமன்றத்தின் சுதந்திரத்துக்கு அது தேவையும்கூட. நாடு முழுக்க 5 கோடிக்கும் மேல் வழக்குகள் நிலுவையில் இருப்பதாக அமைச்சரே 2023ல் அவையில் தெரிவித்தார். ஆனாலும் ‘நீங்கள் ஏன் தீர்க்கவில்லை’ என்று அவரைக் கேட்டால் அவர் சுவரைக் காட்டத்தான் செய்வார்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மத்திய அரசின் பணம் இருக்கிறது. நீதிமன்றக் கட்டடங்களுக்கும் நீதிபதிகள் குடியிருப்புக்குமான மத்திய நிதியுதவித் திட்டம் 1993-94 முதல் நடக்கிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு விடுவித்தார்கள், பயன்பாட்டுச் சான்றிதழ் (கொடுத்த பணத்தைச் செலவிட்டதற்கான சான்று) வராமல் எவ்வளவு நிற்கிறது, உங்கள் மாவட்டத்தில் எத்தனை நீதிமன்ற அறைகள் கட்டி முடிந்தன என்று கேட்டால், ‘எங்களுக்குப் பங்கு இல்லை’ என்று சொல்ல வழியே இல்லை. காலியிடத்துக்கான பதில் நேரடியாகக் கிடைக்காது. ஆனால் நீதிபதி வந்தால் உட்கார இடம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பல ஊர்களில் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தச் ‘சுவர்’ விஷயத்தில் நம் எல்லோருக்கும் நெருக்கமான ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ். 2006 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதமில்லாமல் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சட்ட அமைச்சகத்தின் பதில் கிட்டத்தட்ட எழுத்து மாறாமல் வருகிறது. எனக்கு அது மனப்பாடம். தமிழ்நாடு, குஜராத், சத்தீஸ்கர், மேற்கு வங்கம், கர்நாடகம் ஆகிய மாநிலங்கள் உயர் நீதிமன்றத்தில் தங்கள் மொழியை அனுமதிக்கக் கேட்ட முன்மொழிவுகள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு அனுப்பப்பட்டன. 2012 அக்டோபர் 11ல் கூடிய உச்ச நீதிமன்ற முழு அமர்வு (நீதிபதிகள் எல்லோரும் சேர்ந்த கூட்டம்) ஏற்கவில்லை. தமிழ்நாடு மீண்டும் கேட்டதால் 2014ல் மறுபடி அனுப்பப்பட்டது. 2016 ஜனவரி 18 தேதியிட்ட கடிதத்தில் மறுபடியும் மறுத்துவிட்டார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? அரசு முயன்றது, நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள், யாரைக் குறை சொல்வது என்றுதானே?

ஆனால் அதே பதிலின் நடுவில் ஒரு சின்ன வரி இருக்கிறது. 1965 மே 21ல் அமைச்சரவைக் குழு எடுத்த முடிவின்படி தலைமை நீதிபதியின் கருத்து கேட்கப்பட்டது என்று. பதிலை ஓட்டிப் படித்தால் தவறவிட்டுவிடுவோம். நானும் முதல் இரண்டு முறை தவறவிட்டேன். மூன்றாவது முறை அரசியலமைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் உறைத்தது. 348ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு என்ன சொல்கிறது? குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு, மாநிலத்தின் அலுவல் மொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்த ஆளுநர் அனுமதிக்கலாம் என்று. தீர்ப்பும் ஆணையும் அதில் சேராது. தலைமை நீதிபதியைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த நிபந்தனையைச் சேர்த்தது 1965ல் இருந்த மத்திய அமைச்சரவைக் குழு. ராஜஸ்தானில் 1950லேயே இந்திக்கு அனுமதி கிடைத்தது. உத்தரப் பிரதேசம் 1969லும், மத்தியப் பிரதேசம் 1971லும், பீகார் 1972லும் தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு அனுமதி பெற்றன. இதுவும் அமைச்சகத்தின் பதிலிலேயே இருக்கிற விவரம்தான்.

அப்படியானால் “தமிழை எப்போது அனுமதிப்பீர்கள்” என்று கேட்பதில் பயன் குறைவு. பழைய பதிலையே திருப்பி அனுப்புவார்கள். “1965 மே 21 முடிவு இன்னமும் நடப்பில் உள்ளதா? அதை மறுபரிசீலனை செய்ய அரசு எண்ணியுள்ளதா? இல்லையென்றால் காரணம் என்ன?” என்று கேட்க வேண்டும். அது அமைச்சரவையின் முடிவு. மாற்றவோ வைத்துக்கொள்ளவோ அமைச்சரவையால்தான் முடியும். இதற்கு நீதிபதிகளைக் கைகாட்ட முடியாது. தலைமை நீதிபதியின் கருத்தை மதிப்பது நல்ல மரபு என்று அரசு நினைத்தால், அதை வாய்விட்டுச் சொல்லி, அந்த நிலைக்குப் பொறுப்பும் ஏற்கட்டும். அதுவும் ஒரு நேர்மையான பதில்தான்.

கேள்வி எழுதும்போது சில விஷயங்களில் கவனம் தேவை. 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், கிண்டல், பழிச்சொல் இருந்தால் செயலகமே தள்ளிவிடும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைப் பற்றியோ, கற்பனையான நிலைமையைப் பற்றியோ கேட்டாலும் அப்படித்தான். நான் எழுதிய முதல் கேள்வியில் ‘அலட்சியப் போக்கால்’ என்று ஒரு சொல் போட்டிருந்தேன். நிராகரிக்கப்பட்டு வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் அதைப் போட வேண்டிய இடம் கேள்வித் தாள் இல்லை. பதில் வந்ததும் “(அ) முதல் (உ) வரை” என்று மொத்தமாகச் சேர்த்து ஒரே பத்தியாகத் தந்திருக்கிறார்களா பாருங்கள். அப்படி இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே பதிலை நீங்களே பிரித்து எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு எழுத்துக்கு எதிரே ஒன்றும் இருக்காது. அடுத்த கூட்டத்தொடரில் அந்த ஓர் எழுத்தை மட்டும் தனிக் கேள்வியாகப் போட வேண்டும்.

அமைச்சர் பொய்யே சொன்னால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவையில் சொன்னதற்காக நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு காப்பாற்றும். ஆனால் தவறு இருப்பதாக ஒரு உறுப்பினர் ஆதாரத்தோடு சபாநாயகருக்கு எழுத, அவரது 115ஆவது நெறியுரை இடம் தருகிறது. வேண்டுமென்றே அவையைத் திசைதிருப்பியிருந்தால் உரிமை மீறல் பிரச்சினையாகவும் கொண்டுவரலாம். நிரூபிப்பது கடினம். ஆனால் பதில் தவறு என்று தெரிந்தால் அமைச்சர் தானே வந்து திருத்த அறிக்கை வைப்பது நடக்கிற காரியம்தான். கேள்விகள் அதைவிடத் தூரம் போனதும் உண்டு. தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் செய்த முதலீடு பற்றி 1957ல் எழுப்பிய கேள்விகள் சாக்லா விசாரணை ஆணையம் வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியதில் முடிந்தன.

அப்புறம், உங்கள் எம்.பி. அலுவலகத்தில் பேசும்போது “ஒரு கேள்வி போடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். உதவியாளர் ஒருவர் நூறு மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரித்து, சட்டப் பிரிவு எண்ணோடு, பழைய பதிலின் நகலையும் இணைத்து, தட்டச்சு செய்த ஒரு பக்கமாகக் கொடுங்கள். சாலைக் கேள்வி, கட்டட நிதிக் கேள்வி இரண்டும் தனித்தனித் தாளில் இருக்கட்டும். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தால், ஏதாவது ஒன்றாவது குலுக்கலில் ஏற வாய்ப்பு கூடும். உறுதிமொழிக் குழுவுக்கான கடிதத்துக்குக் கூட்டத்தொடர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் முடிந்துவிட்டது என்றால் இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.